டர்னர் என்பது பெயரா, திறனா?

மேசைப் பாத்திர விளையாட்டுகளின் திறன்முறை: ஜூஜுவாடியிலிருந்து ஒரு பார்வை

ஓசூர் சிப்காட்டில் வாகன உதிரிபாகம் செய்யும் கம்பெனிகள் பலவற்றின் ஷாப் ஃப்ளோரில், லைன் ஓரமாக ஒரு பலகை தொங்கும். ‘ஸ்கில் மேட்ரிக்ஸ்’ என்பார்கள். இடப்பக்கம் ஆட்களின் பெயர்கள். மேலே வேலைகள்: லேத், மில்லிங், டிரில்லிங், டூல் மாற்றுவது, கேஜ் வைத்துப் பார்ப்பது. பெயரும் வேலையும் சந்திக்கும் கட்டத்தில் நான்காகப் பிரித்த ஒரு வட்டம். கால்வட்டம் நிரம்பியிருந்தால் ஆள் இப்போதுதான் கற்கிறார். அரைவட்டம் என்றால் பக்கத்தில் ஒருவர் நிற்க வேண்டும். முக்கால் என்றால் தனியாகச் செய்வார். முழுவட்டம் என்றால் அடுத்தவருக்குக் கற்றுத் தருவார்.

மேசைப் பாத்திர விளையாட்டு ஆடியவர்களுக்கு இந்தப் பலகை புதிதாகத் தெரியாது. நாலைந்து பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்று, பேச்சாலும் பகடையாலும் ஒரு கதையை நகர்த்தும் ஆட்டம் அது. ஒருவர் மட்டும் உலகத்தையும் எதிராளிகளையும் பார்த்துக்கொள்வார். ஒவ்வொருவர் கையிலும் ஒரு பாத்திரத் தாள் இருக்கும். அந்தத் தாளில் என்ன எழுதலாம், எழுதியது எப்படிக் கூடும், எழுதாததை ஒருவர் செய்ய முயன்றால் என்ன ஆகும் என்ற கேள்விகளுக்குக் கடந்த ஐம்பதாண்டுகளில் வந்த விடைகளைத் தொகுத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் வேலை.

அளந்து பார்க்க ஒரு பாத்திரம் வேண்டும். நம் பாத்திரத்துக்கு வயது முப்பது. ஐ.டி.ஐ.யில் டர்னர், அதாவது லேத்தில் கடையும் வேலை, படித்தவள். ஓசூரை ஒட்டிக் கர்நாடக எல்லையில் இருக்கும் ஜூஜுவாடியில் தோழிகளோடு அறை எடுத்துத் தங்கி, ஷிஃப்ட்டுக்குப் போகிறவள். இவளை ஒவ்வொரு விளையாட்டின் தாளிலும் எழுதிப் பார்ப்போம்.

வகைமுறையும் திறன்முறையும்

ஆடு புலி ஆட்டத்தில் புலி மூன்று, ஆடு பதினைந்து. புலி தாண்டி வெட்டும். ஆடு சூழ்ந்து அடைக்கும். எத்தனை ஆட்டம் ஆடினாலும் ஆடு வெட்டக் கற்றுக்கொள்ளாது. 1974இல் கேரி கைகேக்ஸும் டேவ் ஆர்னெசனும் வெளியிட்ட ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ இந்த வழியில்தான் தொடங்கியது. போர்வீரன், மந்திரவாதி, மதகுரு என்று மூன்று வகை. வகையைத் தேர்ந்ததும் பாத்திரத்தால் எது முடியும், எது முடியாது என்பது பெரும்பாலும் முடிவாகிவிடும். இதை வகைமுறை என்போம்.

மறு ஆண்டே அதில் விரிசல் விழுந்தது. 1975இல் வந்த ‘கிரேஹாக்’ துணைநூல், திருடன் என்ற வகையைச் சேர்த்து, பூட்டுத் திறப்பதற்கும் பதுங்கி நகர்வதற்கும் நூற்றுக்கு இத்தனை என்று எண் கொடுத்தது. வசதியான ஏற்பாடுதான். ஆனால் அதுவரை யார் வேண்டுமானாலும் முயன்று பார்த்த காரியங்கள் அன்றிலிருந்து திருடனுக்கு உரியவையாகத் தெரியத் தொடங்கின. ஒரு திறனைத் தாளில் எழுதினால், அதை எழுதாதவர்களின் கையிலிருந்து அது மெல்ல நழுவுகிறது. திறன்முறையைப் பற்றிய எல்லா விவாதங்களுக்கும் அடியில் இந்தச் சிக்கல் கிடக்கிறது.

அதே 1975இல் எம்.ஏ.ஆர். பார்க்கரின் ‘எம்பயர் ஆஃப் தி பெட்டல் த்ரோன்’ வந்தது. பார்க்கர் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் உருது கற்பித்த மொழியியலாளர். அவர் விளையாட்டில் பாத்திரத்துக்கு வகையோடு, சாகசத்துக்கு வருமுன் கற்ற தொழில்களும் உண்டு. அந்தத் தொழில்களைச் சாமானியர், தேர்ந்த கைவினைஞர், மேன்குடியினர் என்று அவர் தரம் பிரித்திருந்தார். திறன்களைப் பட்டியலிட்ட தொடக்ககால முயற்சி ஒன்றிலேயே தொழிலோடு குடியின் தரமும் ஒட்டிக்கொண்டு வந்தது. தொழிலின் பெயரால் மனிதரைத் தரம் பிரித்துப் பழகிய நம் நாட்டு வாசகர் இந்த இடத்தை எளிதில் கடந்துபோக மாட்டார்.

வகையை அறவே கைவிட்டுத் திறன்களை மட்டும் வைத்துப் பாத்திரம் எழுதும் திறன்முறையை நிலைநிறுத்தியவை இரண்டு: மார்க் மில்லரின் ‘டிராவலர்’ (1977), ஸ்டீவ் பெரினும் நண்பர்களும் எழுதிய ‘ரூன்குவெஸ்ட்’ (1978).

வேலை வரலாறே பாத்திரம்

டிராவலரில் பாத்திரம் பதினெட்டு வயதில் தொடங்குகிறது. கடற்படை, தரைப்படை, சாரணர், வணிகக் கப்பல் என ஒரு பணியில் சேர்ந்து, நான்காண்டுக்கு ஒரு பணிக்காலம் என்று கழிக்க வேண்டும். ஒவ்வொரு பணிக்காலத்திலும் பகடை உருளும். சில திறன்கள் கைக்கு வரும். முதல் பதிப்பில் உயிர்பிழைப்புக்கு உருட்டும் பகடை சறுக்கினால், ஆட்டம் தொடங்கும் முன்பே பாத்திரம் இறந்துவிடும். 2008இல் மங்கூஸ் நிறுவனம் வெளியிட்ட பதிப்பு அதைத் தணித்து, சறுக்கியவர் ஏதோ ஒரு விபத்துக்கு ஆளாகி அந்த வேலையை இழப்பதாக மாற்றியது. ‘குடிமக்கள்’ என்ற பணியையும் அதற்குள் ‘தொழிலாளி’ என்ற பிரிவையும் அது வைத்திருக்கிறது.

நம் டர்னருக்கு இது பொருந்துகிறது. பதினெட்டிலிருந்து முப்பது வரை மூன்று பணிக்காலம். முதலாவதில் அப்ரண்டிஸ், இரண்டாவதில் காண்ட்ராக்ட் ஆபரேட்டர், மூன்றாவதில் வேறொரு கம்பெனியில் சி.என்.சி. திறன் வந்த வழி ஒவ்வொன்றும் வாழ்ந்த வழி. ஒரு வேலையை ஏன் விட்டாள் என்பதும் அந்தத் தாளிலேயே இருக்கிறது. ஓசூரில் அறை பார்க்கப் போனால் வீட்டுக்காரரும், வேலை கேட்டுப் போனால் சூப்பர்வைசரும் கேட்பது இந்த வரலாற்றைத்தான்.

டிராவலரின் குறை அதன் பிற்பாதியில் இருக்கிறது. ஆட்டம் தொடங்கிய பிறகு திறன் கூடுவது அரிது. ஆள் முழுமையாக உருவான பின்பே கதைக்குள் வருகிறார். கதைக்குள் அவர் கற்பது கொஞ்சம்.

திறன் எங்கிருந்து வளர்கிறது

ரூன்குவெஸ்ட் இந்தக் குறையை நேராகத் தொட்டது. அதில் திறன்கள் நூற்றுக்கு இத்தனை என்ற கணக்கில் இருக்கும். நாற்பது இருந்தால், நூறு வரை விழும் பகடையில் நாற்பதோ அதற்குக் கீழோ விழுந்தால் வெற்றி. வென்ற திறனுக்கு எதிரே ஒரு குறி போட்டுக்கொள்ள வேண்டும். சாகசம் முடிந்து ஓய்ந்து உட்காரும்போது அந்தத் திறனுக்கு மறுபடி பகடை உருட்ட வேண்டும். இம்முறை நாற்பதுக்கு மேல் விழுந்தால்தான் திறன் கூடும். நாற்பது தெரிந்தவர் வளர்வதற்கு ஏறத்தாழ அறுபது சதவீத வாய்ப்பு. தொண்ணூறு தெரிந்தவருக்குப் பத்துச் சதவீதம். தெரியாதவர் வேகமாகக் கற்கிறார், தேர்ந்தவர் மெதுவாகக் கற்கிறார் என்ற உண்மையை ஒரே பகடை சொல்லிவிடுகிறது. சாண்டி பீட்டர்சனின் ‘கால் ஆஃப் கதுலு’ (1981) இதே அச்சில் வார்த்தது. இன்றும் உலகில் பரவலாக ஆடப்படும் திறன்முறை விளையாட்டுகளில் அது ஒன்று.

1986இல் ஸ்டீவ் ஜாக்சனின் ‘கர்ப்ஸ்’ வேறொரு கணக்கைக் கொண்டுவந்தது. அதில் புள்ளிகளைக் கொடுத்துத் திறன்களை வாங்க வேண்டும். எளிது, நடுத்தரம், கடினம், மிகக் கடினம் என்று திறன்களுக்கு விலை வேறுபடும். ஆட்டத்துக்கு வெளியே கற்பதற்கும் விதி உண்டு: 200 மணி நேரக் கல்வி ஒரு புள்ளி. ஆசிரியரிடம் கற்றால் அந்த நேரம் முழுதாகச் சேரும். தானாகப் படித்தால் பாதி. வேலை பார்த்தபடி கற்றால் கால்பங்கு. எட்டு மணி நேர ஷிஃப்ட் பார்த்தால் கற்ற கணக்கில் இரண்டு மணி நேரம். நூறு ஷிஃப்ட்டுக்கு ஒரு புள்ளி.

கால்பங்கு என்பதை முதலில் பார்க்கும்போது உழைப்பைக் குறைத்து மதிப்பதுபோல் தோன்றும். மெஷின் முன்னால் நின்றவர்களுக்கு அதன் நியாயம் புரியும். ஜாபை மாட்டி, சைக்கிள் ஸ்டார்ட் பட்டனை அழுத்தி, முடிந்ததும் கழற்றி, அடுத்ததை மாட்டுவது ஓர் ஆபரேட்டரின் நாள். ஆஃப்செட் மாற்றுவதும், டூல் தேய்ந்ததைச் சத்தத்திலேயே கண்டுபிடிப்பதும், புது ஜாபுக்கு செட்டிங் போடுவதும் வேறு விஷயம். ஐந்து வருடம் பட்டன் அழுத்தியவருக்கு ஐந்து வருட செட்டிங் தெரிந்துவிடாது.

இந்த வேறுபாட்டை மிகக் கூர்மையாகப் பிடித்தது லூக் கிரேனின் ‘பர்னிங் வீல்’ (2002). அதில் ஒவ்வொரு முயற்சியும் எளிது, கடினம், அறைகூவல் என்று தரம் பிரிக்கப்பட்டுத் தாளில் பதிவாகும். அறைகூவல் என்பது தன் கையிருப்பை மீறிய காரியம். கையில் உள்ள பகடைகளால் மட்டும் வெல்ல முடியாது. திறன் வளர இவை கலந்து சேர வேண்டும். மேல்நிலைத் திறன்களுக்கு எளிய முயற்சிகள் கணக்கிலேயே வராது. பெரும்பாலான திறன்களில் தோற்ற முயற்சியும் வளர்ச்சிக் கணக்கில் சேரும். இதே எண்ணத்தை வேறு வழிகளில் சொன்னவர்களும் உண்டு. ‘டன்ஜன் வேர்ல்ட்’ (2012) பகடை தோற்கும்போதெல்லாம் ஓர் அனுபவப் புள்ளி தருகிறது. ‘பிளேட்ஸ் இன் தி டார்க்’ (2017) ஆபத்தின் விளிம்பில் நின்று முயன்றால் புள்ளி தருகிறது.

இவற்றை வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒரு போக்கு தெரிகிறது. முதலில் திறன் கடந்தகாலத்திலிருந்து வந்தது. பிறகு வென்ற முயற்சியிலிருந்து வந்தது. பிறகு செலவிட்ட நேரத்திலிருந்து, கடைசியில் தோற்கத் துணிந்த முயற்சியிலிருந்து. கற்றல் எப்படி நடக்கிறது என்பதைக் கடைசி விடைதான் எனக்கு உண்மையாகச் சொல்கிறது. லேத்தில் முதல் ஜாப் ஸ்கிராப் ஆகாமல் யாரும் டர்னர் ஆனதில்லை.

பட்டியல் எவ்வளவு நீளம்

ஆயகலைகள் அறுபத்து நான்கு என்று ஓர் எண்ணைச் சொல்லி நம் மரபு நிறுத்திக்கொண்டது. கர்ப்ஸ் நூற்றுக்கணக்கில் எழுதியது. ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ 2014இல் வந்த ஐந்தாம் பதிப்பில் வகைமுறையை விடாமலே பதினெட்டுத் திறன்களை வைத்திருக்கிறது. நீண்ட பட்டியல் நுணுக்கம் தரும். அதோடு, ஆட்டம் நின்று எல்லாரும் புத்தகம் புரட்டும் நேரத்தையும் தரும். குறுகிய பட்டியல் வேகம் தரும். ஆனால் வெல்டரும் டர்னரும் ஒரே சொல்லுக்குள் அடங்கிவிடுவார்கள்.

கர்ப்ஸ் இதற்கு ஒரு பாலம் போட்டது. ஒரு திறன் இல்லாதவர் அதற்கு நெருங்கிய திறனிலிருந்து சில புள்ளிகளைக் கழித்து முயலலாம். டர்னருக்கு மில்லிங் முழுக்க அந்நியம் இல்லை என்பதை விதியே ஒப்புக்கொள்கிறது. டிராவலரில் ‘எல்லாக் கைவேலையும் கொஞ்சம் தெரிந்தவர்’ என்பதே ஒரு தனித் திறன். மங்கூஸ் பதிப்பில் திறன் இல்லாதவருக்கு மூன்று கழியும்; இந்தத் திறன் அந்தக் கழிவைக் குறைக்கும்.

எனக்கு அதிகம் பிடித்த விடை ராப் ஹைன்சூவும் ஜோனதன் ட்வீட்டும் எழுதிய ‘13த் ஏஜ்’ (2013) தந்தது. அங்கே திறன் பட்டியலே இல்லை. எட்டுப் புள்ளிகளைக் கொடுத்து, பாத்திரத்தின் பின்னணியைச் சொந்த வார்த்தையில் எழுதிக்கொள்ளச் சொல்கிறது. ஒரு பின்னணிக்கு ஐந்துக்கு மேல் தரக் கூடாது. நம் டர்னருக்கு இப்படி எழுதலாம்: ‘சிப்காட்டில் நைட் ஷிஃப்ட் பார்த்த டர்னர் +4, எல்லை செக்போஸ்ட் பக்கம் அத்தை டீக்கடையில் வளர்ந்தவள் +3, குடும்பத்தில் முதலில் ஐ.டி.ஐ. முடித்தவள் +1’. டீக்கடைப் பின்னணி ஒன்றே எத்தனை திறன்களைத் தாங்குகிறது பாருங்கள்! லாரி டிரைவர்களிடம் பேச்சுக் கொடுப்பது, எந்த நேரத்தில் எந்தப் பாதை அடைபடும் என்று தெரிவது, சில்லறைக் கணக்கை மனத்திலேயே போடுவது. இடத்தோடு ஒட்டிய அறிவைப் பட்டியல்கள் தவறவிடுகின்றன. பின்னணி அதைப் பிடித்துக்கொள்கிறது.

அதற்கும் ஒரு விலை உண்டு. வார்த்தை வளம் உள்ளவர் தன் பின்னணியை எதற்கும் நீட்டிவிடுவார். கூச்சம் உள்ளவர் தனக்குத் தெரிந்ததைக்கூடச் சொல்லாமல் விடுவார். ஆட்டத்தை நடத்துபவர் அந்தக் கூச்சக்காரரிடம் கேட்டு வாங்க வேண்டும்.

எல்லையில் மொழியும் ஒரு திறன்

ஜூஜுவாடியைத் தாண்டினால் கர்நாடகத்தின் அத்திப்பள்ளி. பெயர்ப்பலகைகளில் எழுத்து மாறிவிடும். ஓசூர் பக்கத்தில் தமிழும் தெலுங்கும் கன்னடமும் உருதும் பல தலைமுறையாகப் புழங்குகின்றன. தொழிற்சாலைகளோடு இந்தியும் வந்து சேர்ந்தது. இங்கே மொழி தெரிவது வேலைத் திறனில் பாதி.

கால் ஆஃப் கதுலுவில் தாய்மொழித் திறன் கல்வியைப் பொறுத்தது. வேறு மொழி எதுவானாலும் நூற்றுக்கு ஒன்றிலிருந்து தொடங்கும். அந்தக் கணக்கில் நம் டர்னருக்குக் கன்னடமும் ஐஸ்லாந்து மொழியும் ஒரே தூரம். எல்லையில் வளர்ந்த யாருக்கும் இது பொருந்தாது. கர்ப்ஸின் நான்காம் பதிப்பு (2004) இங்கே நுட்பமாக இருக்கிறது. பேச்சையும் எழுத்தையும் தனித்தனியாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் அறவே இல்லை, அரைகுறை, வேற்றுச்சாயல், தாய்மொழி என்று நான்கு படியில் வைக்கிறது. கன்னடம் பேசுவாள், படிக்கத் தெரியாது. உருது கேட்டால் புரியும், பேச வராது. தெலுங்கு அம்மாவிடம் மட்டும் பேசுவாள். ஓசூரில் ஒரு தெருவில் நடந்தால் காணும் நிலைகளில் பல அந்தக் கட்டங்களில் வந்துவிடுகின்றன. ஸ்கில் மேட்ரிக்ஸ் பலகையில் லேத்துக்கு ஒரு பத்தி உண்டு. ஒடிசாவிலிருந்து நேற்று வந்த பையனுக்கு இந்தியில் வேலை சொல்லிக்கொடுக்கும் திறனுக்குப் பத்தி இல்லை.

பகடையின் கணக்கு

திறன் எண்ணை எந்தப் பகடையோடு சேர்க்கிறோம் என்பதும் ஒரு கொள்கை முடிவு. நூறு வரையுள்ள பகடையில் ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரே மதிப்பு. கர்ப்ஸ் மூன்று ஆறுமுகப் பகடைகளைக் கூட்டுகிறது. திறன் 10 உள்ளவருக்கு வெற்றி வாய்ப்பு சரியாக 50 சதவீதம், 11க்கு 62.5, 14க்கு ஏறத்தாழ 91, 15க்கு 95, 16க்கு 98. நடுவில் ஒரு புள்ளி பெரிய மாற்றம். உச்சியில் சிறிய மாற்றம். டிராவலர் இரண்டு பகடையில் எட்டு எடுக்கச் சொல்கிறது. திறன் எண் 0 என்றால் வாய்ப்பு 42 சதவீதம் அளவு, 1 என்றால் 58, 2 என்றால் 72. திறனே இல்லாமல் மூன்று கழிந்தால் 8 சதவீதம்தான். இந்த விளையாட்டில் ‘கொஞ்சம் தெரியும்’ என்பதற்கும் ‘தெரியவே தெரியாது’ என்பதற்கும் இடையில்தான் பெரிய பள்ளம். வேலை கேட்டுக் கம்பெனி கேட்டில் நின்றவர்களுக்கு அந்தப் பள்ளம் பழக்கமானது.

பகடை தோற்றால் கதை அப்படியே நின்றுபோகும் என்பது திறன்முறை மீதான பழைய புகார். துப்பறியும் கதையில் தடயம் கிடைக்காவிட்டால் அடுத்த காட்சியே இல்லை. ராபின் லாஸ் வகுத்த ‘கம்ஷூ’ முறை, புலனாய்வுத் திறன்களுக்குப் பகடையையே எடுத்துவிட்டது. உரிய திறன் உள்ளவர் உரிய இடத்தில் தேடினால் தடயம் கிடைக்கும். கென்னத் ஹைட்டின் ‘டிரெயில் ஆஃப் கதுலு’ (2008) இதை விரிவாக ஆடிக்காட்டியது. அனுபவசாலி தனக்குத் தெரிந்த அன்றாட வேலையில் தடுமாற மாட்டார் என்ற மரியாதை அந்த விதியில் இருக்கிறது.

வகைமுறை சொல்லும் நியாயம்

இத்தனைக்குப் பிறகும் வகைமுறை வழக்கொழியவில்லை. காரணம் உண்டு. முதன்முறை மேசைக்கு வருபவரிடம் நூறு திறன்களையும் நூறு புள்ளிகளையும் நீட்டினால் அவர் திகைப்பார். வகை ஒன்றைக் கொடுத்தால் பத்து நிமிடத்தில் ஆடத் தொடங்குவார். ஆளுக்கொரு தனி இடமும் உறுதியாகும். திறன்முறையில் புள்ளிக் கணக்கு கைவந்தவர் மற்ற மூவரின் வேலையையும் தானே செய்துவிடுகிற அபாயம் உண்டு. வின்சென்ட் பேக்கரும் மெகுவே பேக்கரும் எழுதிய ‘அபோகலிப்ஸ் வேர்ல்ட்’ (2010) வகைகளைப் புது வடிவில் திரும்பக் கொண்டுவந்து வெற்றி கண்டதற்கு இந்தத் தேவையும் ஒரு காரணம்.

ஐ.டி.ஐ.யின் டிரேடும் ஒருவகையில் வகைமுறைதான். டர்னர் இரண்டாண்டு, வெல்டர் ஓராண்டு என்று வரையறுத்த வாசல் வழியாகத்தான் கிராமத்துப் பிள்ளைகள் தொழிற்சாலைக்குள் வந்தார்கள். வாசல் இல்லாமல் வெறும் திறன் பட்டியலை மட்டும் கொடுத்திருந்தால் பலர் வெளியிலேயே நின்றிருப்பார்கள். வாசல் தேவை. சிக்கல் பிறகுதான் வருகிறது: உள்ளே வந்து பத்து வருடமான பின்னும் ஒருவரை வாசலின் பெயராலேயே அழைப்பது. ஹெல்பர் என்று சேர்ந்தவர் செட்டிங் கற்ற பிறகும் ஹெல்பர்தான். 2013இல் அறிவித்த தேசியத் திறன் தகுதிக் கட்டமைப்பும், சான்றிதழ் இல்லாமல் கற்றதைச் சோதித்து ஏற்கும் முன்கற்றல் அங்கீகாரமும் இதை மாற்றத்தான் வந்தன. திறன்முறை விளையாட்டுகள் நாற்பதாண்டுகளுக்கு மேலாக மேசையில் கேட்ட கேள்வியையே அவையும் கேட்கின்றன: இவர் யார் என்பதை விட்டுவிட்டு, இவருக்கு என்ன செய்யத் தெரியும் என்று பார்க்க முடியுமா?

பலகையும் தாளும் கற்றுக்கொள்ள வேண்டியவை

ஓசூரில் இருந்துகொண்டு தமிழில் ஒரு திறன்முறை விளையாட்டு எழுதுவதென்றால், மேலே கண்டவற்றிலிருந்து நான் எடுத்துக்கொள்வது இவை. பாத்திரத்தின் பிறப்பு டிராவலர்போல வேலை வரலாறாக இருக்கட்டும். மங்கூஸ் பதிப்பில் இரண்டு பேர் தங்கள் கடந்தகாலத்தை ஒன்றோடொன்று முடிந்துகொண்டால் இருவருக்கும் ஒரு திறன் கிடைக்கும். அறைத் தோழிகளுக்கு அது அப்படியே பொருந்தும். திறன்களைப் பட்டியலாக எழுதாமல் பின்னணி வாக்கியங்களாக எழுதலாம். மொழிக்கு மட்டும் பேச்சு, எழுத்து என்று தனிக் கட்டம் வேண்டும். வளர்ச்சி, கையிருப்பை மீறி முயன்றதிலிருந்து வரட்டும். தெரிந்த அன்றாட வேலைக்குப் பகடையே வேண்டாம்.

ஷாப் ஃப்ளோர் பலகையிடமிருந்து இந்த விளையாட்டுகள் எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. பலகையில் தேர்ச்சியின் உச்சம் கற்றுத் தருவது. முழுவட்டம் அதற்குத்தான். நான் பார்த்த பாத்திரத் தாள்களில் உச்சத் திறன் என்பது பெரும்பாலும் தனியாள் வெல்லும் பெரிய எண். கர்ப்ஸில் கற்பித்தல் ஒரு தனித் திறன். ஆனால் எந்தத் திறனின் முழுமைக்கும் அது நிபந்தனை இல்லை. ஒரு திறனில் கடைசிப் படியை எட்ட, மேசையில் இருக்கும் இன்னொருவருக்கு அதன் முதல் படியைத் தந்திருக்க வேண்டும் என்று ஒரு விதி இருந்தால், ஆட்டமே வேறாகிவிடும்.

பலகையும் விளையாட்டிடமிருந்து எடுத்துக்கொள்ள ஒன்று உண்டு. அதில் காலியாக இருக்கும் வட்டத்தைப் பார்ப்பவருக்கு, அந்த ஆளுக்கு அந்த வேலை தெரியாது என்று மட்டும்தான் தெரியும். எத்தனை முறை முயன்றார், எங்கே சறுக்கினார், யார் பக்கத்தில் நின்றார்கள் என்பதற்கு இடமில்லை. பர்னிங் வீலின் தாளில் தோற்ற முயற்சிக்கும் ஒரு கோடு உண்டு; அந்தக் கோடுகள் சேர்ந்துதான் அடுத்த படி. நம் டர்னருக்கு மில்லிங் வட்டம் இன்னும் காலி. கோடு போடும் வழக்கம் இருந்திருந்தால், அந்த வட்டத்துக்குப் பக்கத்தில் இந்நேரம் ஏழெட்டுக் கோடு விழுந்திருக்கும்.